தற்கொலைச் செய்திகள்: எப்படி எழுதுகிறோம், எப்படிப் படிக்கிறோம், எப்படிப் பேசுகிறோம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில் ஒன்பது வருடம் உதவி ஆசிரியராக வேலை பார்த்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் நிருபர்கள் அனுப்பும் செய்திகளில் தினமும் இரண்டு மூன்று இந்த ரகமாக இருக்கும். ஐந்து நிமிடத்தில் தலைப்பைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவேன். அந்தத் தலைப்பை விடிந்ததும் யார் படிப்பார்கள் என்று யோசித்ததே இல்லை. யோசிக்க ஆரம்பித்த பிறகு மாணவர்களும் உறவுக்காரர்களும் பழைய சகாக்களும் கேட்ட கேள்விகள் இவை.

இப்போது என் மனசே சரியில்லை. இந்த நிலையில் இதைப் படிக்கலாமா?

அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் யாரிடமாவது பேசுங்கள். இந்தியாவில் எங்கிருந்தும் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 இருக்கிறது. சென்னையில் இருக்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767.

போன் செய்யக் கூச்சமாக இருந்தால் வீட்டிலோ பக்கத்து அறையிலோ இருக்கிற ஒருவரிடம் "இன்னைக்கு ராத்திரி என்னைத் தனியா விடாதே" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும். காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

ஒரு செய்தியைப் படித்து யாராவது சாவார்களா? மிகைப்படுத்துகிறீர்களோ?

நானும் செய்தி ஆசிரியரிடம் இதையேதான் கேட்டேன். மனசு நன்றாக இருக்கிற ஒருவர் காலையில் பேப்பரைப் பிரித்து, ஒரு செய்தியைப் படித்துவிட்டு அந்த முடிவுக்குப் போவதில்லை. ஆனால் கடனிலோ நோயிலோ அவமானத்திலோ தவித்துக்கொண்டு, இருக்கலாமா வேண்டாமா என்று ஊசலாடுகிறவர்கள் எந்த ஊரிலும் எந்த நாளிலும் இருக்கிறார்கள். நமக்கு அது ஒரு செய்தி, அவருக்கு அது தன்னைப் போன்ற ஒருவரின் கதை. 'இவருக்கும் என் வயசுதான், என் பிரச்சினைதான், இவர் இப்படிச் செய்திருக்கிறார்' என்று மனசு கணக்குப் போடும்.

இந்தக் கவலைக்கு 250 வருட வயது. 1774-ல் ஜெர்மன் எழுத்தாளர் கதே எழுதிய நாவலில், காதல் கைகூடாத வெர்தர் என்ற இளைஞன் கடைசியில் உயிரை விடுகிறான். நாவல் ஐரோப்பா முழுக்கப் பரவியது. அவன் போட்டிருந்த நீலக் கோட்டும் மஞ்சள் உள்கோட்டும் இளைஞர்களிடையே ஃபேஷன் ஆயின. படித்தவர்கள் அவனைப் போலவே செய்துவிடுகிறார்கள் என்று பயந்து, லைப்சிக் நகரம் புத்தகத்தையும் தடை செய்தது, அந்த உடுப்பையும் தடை செய்தது.

அப்போது அது வெறும் பயம்தான். எண்களோடு காட்டியவர் டேவிட் பிலிப்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1947 முதல் 1968 வரை நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்த தற்கொலைச் செய்திகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு நாட்டில் எண்ணிக்கை என்ன ஆனது என்று பார்த்தார். கூடியிருந்தது. செய்தி எவ்வளவு பெரிதாக வந்ததோ அவ்வளவு கூடியிருந்தது. 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு 'வெர்தர் விளைவு' என்று பெயர் வைத்தார். 1962 ஆகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ இறந்ததை அடுத்து அமெரிக்காவில் தற்கொலைகள் சுமார் 12 சதவீதம் கூடின என்பது அந்தக் கட்டுரையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் தகவல்.

2020-ல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பிரபலம் ஒருவரின் தற்கொலை பற்றிய செய்திகளுக்கு அடுத்த ஒன்றிரண்டு மாதங்களில் மொத்த எண்ணிக்கை சராசரியாக 13 சதவீதம் கூடியிருந்தது. அவர் எப்படி இறந்தார் என்று செய்தியில் எழுதியிருந்தால், அதே முறையில் நடந்த மரணங்கள் 30 சதவீதம் கூடியிருந்தன. இதை வைத்து 'இன்னாருடைய சாவுக்கு இந்தச் செய்திதான் காரணம்' என்று ஒரு தனி மனிதரை நோக்கி விரல் நீட்ட முடியாது. கூட்டிப் பார்த்தால்தான் தெரிகிற விஷயம் இது.

சரி, அப்படியென்றால் இந்தச் செய்தியே போடக் கூடாதா?

போடலாம். எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு வியன்னா நகரத்துக் கதையைத்தான் எப்போதும் சொல்வேன்.

அங்கே சுரங்க ரயில் 1978-ல் ஓட ஆரம்பித்தது. 80-களின் நடுவில் அந்த நிலையங்களில் தற்கொலைகள் கூடின. நகரத்துப் பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் பெரிய தலைப்போடும் படங்களோடும் நாடகம் போலப் போட்டன. 1987-ன் நடுவில் ஆஸ்திரியத் தற்கொலைத் தடுப்புச் சங்கத்தினர் பத்திரிகை ஆசிரியர்களைச் சந்தித்து, ஒரு வழிகாட்டுக் குறிப்பைக் கொடுத்துப் பேசினார்கள். சட்டம் இல்லை, தடை இல்லை, வேண்டுகோள் மட்டும்தான். பத்திரிகைகளும் கேட்டுக்கொண்டன. செய்திகள் உள்பக்கத்தில் சின்னதாகச் சுருங்கின, பல செய்திகள் வராமலே போயின. அடுத்த ஆறு மாதத்தில் அந்த நிலையங்களில் நடந்த மரணங்கள் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன.

இதைச் செய்தது புது மருந்தோ புது மருத்துவமனையோ அல்ல என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். எழுதுகிற விதத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

பிரபலம் ஒருவர் இறந்தால் மறைக்க முடியுமா?

முடியாது. மறைத்தால் வதந்திதான் அந்த இடத்தைப் பிடிக்கும். இரண்டு மரணங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

1994 ஏப்ரலில் ராக் பாடகர் கர்ட் கோபேன் இறந்தபோது அவர் வாழ்ந்த ஊரான சியாட்டிலே ஆடிப்போனது. அலையாகத் தொடரும் என்று பயந்தார்கள். ஆனால் அந்த ஊரில் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி கூடவில்லை. உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள்தான் கூடின. அஞ்சலிக் கூட்டத்திலேயே உதவி மையத்துக்காரர்கள் பேசினார்கள். ஊடகங்கள் அவருடைய இசையைத் தனியாகவும் சாவைத் தனியாகவும் பிரித்துச் சொன்னன. அவருடைய மனைவி தன் கோபத்தையும் வேதனையையும் ஒளிக்காமல் பேசினார். இந்தச் சாவில் அழகு எதுவும் இல்லை என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தது.

20 வருடம் கழித்து, 2014 ஆகஸ்டில் ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸ். உலகச் சுகாதார நிறுவனத்தின் குறிப்புகள் அப்போது எல்லா ஆசிரியர் மேசைக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. ஆனாலும் பல சேனல்கள் நுணுக்கமான விவரங்கள் வரை நேரலையில் ஓட்டின. அந்த ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை அமெரிக்காவில் எதிர்பார்த்ததைவிட 1,841 தற்கொலைகள் கூடுதலாக நடந்தன என்று பின்னால் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சுமார் 10 சதவீதம்.

நம் நாட்டில் 2020-ல் நடந்தது?

அந்த வருடம் ஜூன் 14-ல் இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தார். ஊரடங்கு, எல்லோரும் வீட்டில், எல்லா வீட்டிலும் டிவி. உடல் படம் வாட்ஸ்ஆப்பில் சுற்றியது. அதைப் பகிர வேண்டாம் என்று மகாராஷ்டிர சைபர் போலீசே எச்சரிக்க வேண்டி வந்தது. அப்புறம் மாதக்கணக்கில் சேனல்கள் விசாரணை நடத்தின. குற்றவாளி யார் என்று தீர்ப்பும் சொன்னன. அவருடைய தோழியின் வாழ்க்கை நடுத்தெருவுக்கு வந்தது. ஒருவருடைய மனநல சிகிச்சை பற்றிய தகவல்கள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி திரையில் ஓடின. மனநல மருத்துவரிடம் போகலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

2021 ஜனவரி 18-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் இந்த 'ஊடக விசாரணை' பற்றி நீண்ட தீர்ப்பு கொடுத்தது. தற்கொலை வழக்குகளில் இறந்தவரைப் பலவீனமானவராகச் சித்தரிப்பது, சாட்சிகளைப் பேட்டி எடுப்பது, சம்பவத்தை மறுபடி நடித்துக் காட்டுவது போன்றவற்றைத் தவிர்க்கச் சொன்னது.

சட்டம் என்ன சொல்கிறது?

பத்திரிகைகளுக்கு இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. முதல் பக்கத்தில் பெரிதாகப் போடாதே, திரும்பத் திரும்பப் போடாதே. பரபரப்பான தலைப்பு வேண்டாம். முறையை விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே. படம், வீடியோ, சமூக ஊடக இணைப்பு எதுவும் வேண்டாம். பிரச்சினைக்குத் தீர்வு என்ற தோற்றம் வரும்படி எழுதாதே. இவ்வளவும் அதில் இருக்கிறது. அடுத்த நாள் பேப்பரில் எத்தனை இருந்தது என்று கேட்காதீர்கள்.

2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரண்டு முக்கியமான காரியங்களைச் செய்தது. மனநல சிகிச்சையில் இருக்கிறவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது 24-வது பிரிவு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 115-வது பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரை வற்புறுத்துவதற்காக முயன்றால் மட்டும் வழக்கு உண்டு. ஆனால் 'தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு' என்று கைவிரல்களே தானாக டைப் அடிக்கும் அளவுக்கு எங்களுக்கு அந்த வரி பழகிப்போயிருந்தது.

செய்தியின் கடைசியில் 'தற்கொலை எதற்கும் தீர்வல்ல' என்று போட்டுவிடுகிறார்களே, போதாதா?

என்னை எரிச்சலூட்டும் விஷயம் இது. 'விபரீத முடிவு', 'உருக்கமான கடிதம் சிக்கியது' என்று தலைப்பு. அதற்குக் கீழே படம். எப்படி, எங்கே, எத்தனை மணிக்கு என்று நாலு பத்தி. கடைசியில் சின்ன எழுத்தில் உதவி எண். சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படத்தையாவது பெட்டியின் பெரும்பகுதிக்குப் போட வைக்கிறோம். இங்கே அடிக்குறிப்புதான்.

உதவி எண் வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுங்கள், மேலேயே போடுங்கள். ஆனால் மேலே இருக்கிற நாலு பத்தியை அந்த ஒரு வரி கழுவிவிடாது.

காரணத்தையாவது எழுதலாம் இல்லையா? 'காதல் தோல்வியால்', 'மதிப்பெண் குறைந்ததால்'...

அந்தக் காரணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சாயங்காலம் நிருபர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போடுவார். அங்கே எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர், முதல் தகவல் அறிக்கையில் எழுதியதை ஒரு வரியில் சொல்வார். அந்த அறிக்கை, பிள்ளையை அப்போதுதான் இழந்து நிற்கிற ஒரு அப்பாவோ சித்தப்பாவோ சொன்னதை வைத்து எழுதியது. 'வயிற்று வலி தாங்காமல்' என்று எத்தனை முறை அச்சடித்திருக்கிறோம்! அந்த வயிற்று வலிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஊருக்குத் தெரியும், பேப்பருக்குத் தெரியாது.

'அம்மா திட்டியதால் மாணவர்' என்று ஒருமுறை நானே தலைப்புப் போட்டேன். மறுநாள் காலை ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார், பையனின் தாத்தா. சத்தம் போடவில்லை. "அவன் அம்மா இதை எப்படிம்மா படிப்பா" என்று ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டார். திருத்தம் போடலாம் என்றேன். 'ஸ்டேஷன் சொன்னதைத்தானே போட்டோம்' என்று பதில் வந்தது.

ஒரு சாவுக்கு ஒற்றைக் காரணம் இருப்பது அபூர்வம். நோய், குடி, கடன், தனிமை, வெளியே சொல்லாத மனச்சோர்வு என்று பல சேர்ந்திருக்கும். கடைசியாக நடந்த சண்டையைக் காரணம் என்று எழுதினால், அதே சண்டை நடந்த நூறு வீடுகளுக்கு ஒரு தவறான பாடத்தை அனுப்பிவிடுகிறோம்.

எந்தச் சாவு செய்தியாகிறது?

கேட்க வேண்டிய கேள்வி. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். ஒரு நாளைக்கு 54 பேர். பேப்பரில் 54 செய்தி வருவதில்லை. எதை எடுப்பது என்று என்னைப் போன்ற ஒருவர் ராத்திரி உட்கார்ந்து முடிவு செய்கிறார்.

நாடு முழுக்க அந்த வருடம் இறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல், 26.4 சதவீதம் பேர், தினக்கூலிகள். மாணவர்கள் 13,044 பேர், 7.6 சதவீதம். ஆனால் நினைவில் நிற்பது யாருடைய முகம்? படம் நன்றாக இருந்தால், வயது குறைவாக இருந்தால், காதல் ஏதாவது இருந்தால் பக்கத்தில் மூன்று காலம் (column) அகலத்துக்கு இடம் கிடைக்கும். கட்டட வேலைக்குப் போன 45 வயதுக்காரருக்கு மூன்று வரி. இதைப் பார்த்துப் பார்த்து, தற்கொலை என்றாலே பரீட்சையும் காதலும் என்று சமூகம் நம்பிவிட்டது. கடன்பட்ட குடும்பத் தலைவர் பேசாமல் இருக்கிறார் என்றால் நமக்கு எச்சரிக்கை மணி அடிப்பதில்லை.

பரீட்சை முடிவு வருகிற வாரம் மட்டும் ஏன் இவ்வளவு செய்திகள்?

கேமராக்கள் அந்த வாரம் அதற்காகவே காத்திருக்கின்றன, அதுவும் ஒரு காரணம். ஆனால் இந்த விஷயத்தில் தமிழ்நாடு உருப்படியாகச் சில காரியங்கள் செய்திருக்கிறது. பிளஸ் டூவில் தோற்றவர்கள் ஒரு வருடம் வீணாகாமல் சில வாரங்களிலேயே எழுதி அதே ஆண்டு கல்லூரியில் சேர உடனடித் தேர்வு வந்தது. அதற்காக வாதாடியவர்களில் சினேகாவை 1986-ல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் ஒருவர். 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. அதுவரை மே மாதத்தில் எங்கள் முதல் பக்கம் லட்டு ஊட்டும் படங்களால் நிரம்பும். உள்பக்கத்தில் அதே மாவட்டத்துச் சாவுச் செய்தி. இரண்டையும் ஒரே ஆள்தான் லேஅவுட் செய்வார்.

நீட் வந்த பிறகு நிலைமை வேறு மாதிரி ஆனது. 2017 செப்டம்பர் 1-ல் அரியலூர் மாணவி அனிதா இறந்தபோது மாநிலமே கொந்தளித்தது. தேர்வுமுறை மீதான கோபம் நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மரணத்தையும் வரிசை எண் போட்டு 'இத்தனையாவது உயிர்' என்று எழுத ஆரம்பித்தோமே, அது தவறு. தேர்வை எதிர்ப்பதற்கு இன்னொரு பிள்ளையின் படம் தேவையில்லை. அடுத்த அறையில் உட்கார்ந்து மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளையும் அந்தப் பட்டியலைப் பார்க்கிறது.

கொள்கைக்காக உயிர்விட்டவர்களைத் தியாகி என்று சொல்லக் கூடாதா?

தமிழனிடம் கேட்கக் கூசுகிற கேள்வி, பதில் சொல்லவும் கூசுகிறது. 1964 ஜனவரியில் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி, அடுத்த வருடம் சென்னையில் சிவலிங்கம், அரங்கநாதன். இந்தித் திணிப்பை எதிர்த்து இறந்தவர்கள். ஜனவரி 25 இன்றும் மொழிப்போர் தியாகிகள் நாள். 2009 ஜனவரி 29-ல் ஈழத்தமிழர்களுக்காகச் சென்னையில் முத்துக்குமார். அவருடைய இறுதி ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடுத்த சில வாரங்களில் தமிழ்நாட்டில் வேறு சிலரும், ஜெனீவாவில் ஒரு ஈழத்தமிழ் இளைஞரும் அதே வழியில் போனார்கள்.

இவர்களின் பற்றையோ வேதனையையோ சின்னதாக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் மேடையும் பேனரும் வீரவணக்கப் பாட்டும் கூட்டத்தில் நிற்கிற இன்னொரு இருபது வயதுக்காரனுக்கு என்ன சொல்கின்றன என்று கேட்டுப்பார்க்க வேண்டும். முத்துக்குமார் இறந்த பிறகு, இனி யாரும் இப்படிச் செய்யாதீர்கள் என்று சில தலைவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் குரல்கள் அஞ்சலி உரைகளின் சத்தத்தில் எடுபடவில்லை.

கட்சித் தலைவர்கள் இறக்கும்போது நடப்பதை இதோடு சேர்க்க மாட்டேன். 2016-ல் ஜெயலலிதா மறைந்தபோது, அதிர்ச்சியில் இறந்தவர்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டுக் குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் என்று கட்சி அறிவித்தது. இழந்த குடும்பத்துக்குப் பணம் தேவைதான், கொடுக்கட்டும். பட்டியலைப் பத்திரிகைக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

அப்படியானால் அநியாயத்தால் நடக்கும் மரணங்களைப் பற்றியும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். பக்கம் பக்கமாக எழுதுங்கள், அநியாயத்தைப் பற்றி. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் குடும்பங்களைப் பற்றித் தொடர்ந்து செய்தி வந்ததால்தான், 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள், தடைச் சட்டமும் வந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து உயர் நீதிமன்றம் எடுத்துவிட்டது வேறு கதை. அந்த விளையாட்டு எப்படி ஆளைப் பிடிக்கிறது, பணம் எங்கே போகிறது, இழந்த பிறகும் மீண்டவர் எப்படி மீண்டார் என்று எழுதிய கட்டுரைகள்தான் பயன்பட்டன. கடைசி அரைமணி நேரத்தை விவரித்தவை எதற்கும் பயன்படவில்லை.

விசாரணை நடக்கும் முன்பே தீர்ப்பு எழுதினால் என்ன ஆகும் என்பதற்குக் கள்ளக்குறிச்சி அருகே கனியாமூரில் நடந்தது இருக்கிறது. பள்ளி மாணவி ஒருவரின் மரணத்தை ஒட்டி யூடியூபும் வாட்ஸ்ஆப்பும் நாலு நாள் கொதித்தன. 2022 ஜூலை 17-ல் பெரும் கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பேருந்துகள் எரிந்தன, மற்ற பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. நியாயம் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்தின் கேள்விகள் புகையில் மறைந்துபோயின.

இதில் நல்லது செய்யும் செய்தி என்று ஒன்று உண்டா?

உண்டு, அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. மோட்சார்ட் இசையமைத்து 1791-ல் மேடையேறிய நாடகத்தில் பாப்பகேனோ என்ற பறவை பிடிப்பவன், காதலியை இழந்துவிட்டோம் என்று உயிரை விடப் போகிறான். மூன்று சிறுவர்கள் வந்து, 'உன்னிடம் மணி இருக்கிறதே, அதை அடித்துப் பார்' என்று நினைவூட்டுகிறார்கள். அடிக்கிறான், பிழைக்கிறான். விளிம்புவரை போய்த் திரும்பியவர்களின் கதைகள் வெளிவந்த பிறகு எண்ணிக்கை குறைவதை 2010-ல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அதற்குப் 'பாப்பகேனோ விளைவு' என்று பெயர்.

அமெரிக்க ராப் பாடகர் லாஜிக் 2017-ல் உதவி எண்ணையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டார். உதவி கேட்டு, கிடைத்து, வாழ முடிவெடுக்கிற ஒருவனின் பாட்டு. அது அதிகம் பேசப்பட்ட நாட்களில் அந்த எண்ணுக்கு 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்தன, 245 தற்கொலைகள் குறைந்தன என்று 2021-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம் ஊரில் இப்படி மீண்டவர்கள் ஏராளம். அவர்களிடம் பேட்டி கேட்க எந்த நிருபரும் போனதாக எனக்கு நினைவில்லை. நானும் அனுப்பியதில்லை.

நான் பத்திரிகைக்காரன் இல்லை. எனக்கென்ன?

கையில் போன் இருக்கிறதல்லவா? குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் 200 பேர் இருந்தால் அது ஒரு சின்னப் பத்திரிகை. சிசிடிவி காட்சி, கடைசிக் கடிதம், இறந்தவரின் இன்ஸ்டா படம் எது வந்தாலும் உங்களோடு நிறுத்திவிடுங்கள். கீழே 'கோழை' என்று கமென்ட் போடுகிறவர்களும் 'இப்போ நிம்மதியா இருப்பே' என்று போடுகிறவர்களும் தங்களை எதிரெதிர் ஆட்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே ஆபத்து. முதல் வரியைப் படிக்கிற தவிப்புக்காரர் இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டார். இரண்டாவது வரி அவருக்கு ஒரு வாக்குறுதி.

நேரில் ஒருவரிடம் 'சாகணும்னு தோணுதா' என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது ஆகாதா?

ஆகாது. நேராகக் கேட்டால் பெரும்பாலும் நிம்மதிப் பெருமூச்சுதான் வரும். கேட்டுவிட்டு அறிவுரை சொல்ல ஆரம்பிக்காமல் இருந்தால் சரி.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் நடந்துவிட்டது. துக்கம் கேட்கப் போகவே தயக்கமாக இருக்கிறது.

போங்கள். மற்ற சாவு வீட்டில் எப்படி நடந்துகொள்வீர்களோ அப்படியே. பந்தலில் நாற்காலி எடுத்துப் போடுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் வரும்வரை யாராவது கூட இருங்கள். அந்த மணிநேரங்கள்தான் அவர்களுக்குக் கொடுமை. 'என்ன காரணம்?', 'முன்னாடியே தெரியலையா?' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர்கள் சாகும்வரை தங்களையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். வெளியூர் உறவுகளிடம் 'மாரடைப்பு' என்று சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள், திருத்த வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லி நல்ல நினைவு ஒன்றைப் பேசுங்கள். பதினாறாம் நாளோடு முடிந்ததாக நினைத்து நிறுத்திவிடாமல், மூன்றாவது மாதத்தில் ஒருமுறை போய் வாருங்கள். அப்போது அந்த வீட்டுக்கு ஆளே வர மாட்டார்கள்.

எங்கள் வீட்டைப் பற்றியே செய்தி தவறாக வந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். எந்தத் தேதி, எந்தப் பக்கம், எது தவறு, என்ன மாற்ற வேண்டும் என்று சுருக்கமாக. இணையச் செய்தி என்றால் படத்தையும் முறையையும் நீக்கச் சொல்லிக் கேளுங்கள், அது ஐந்து நிமிட வேலை. பதில் வராவிட்டால் பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். செய்தியின் நகலையும் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். கவுன்சிலால் அபராதம் போட முடியாது, கண்டிக்கத்தான் முடியும். ஆனாலும் புகார் வந்த அன்று ஆசிரியர் அறைக் கதவு மூடியிருக்கும் என்பதை அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அன்று ராத்திரி தலைப்புப் போடும்போது எல்லோருமே ஒருமுறை யோசிப்போம்.